சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தவர்

பிளேஸ்டோ
6 செப்டம்பர் 1998

அன்புள்ள அண்ணைக்கு,

இப்படியொரு கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஒரே நகரத்தில், ரயில் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறவருக்கு முத்திரை ஒட்டி அனுப்புவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தொலைபேசியில் கேட்கலாமென்று இரண்டு தடவை முயன்றேன். ஒருமுறை அண்ணி எடுத்தார், மற்றமுறை நீங்களே எடுத்தீர்கள். இரண்டு தடவையும் “அங்கை மழையோ?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என்னை உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக வகுப்புகளிலும் கேள்வி என் பக்கம் வரும்போது பேனாவைக் கீழே விழுத்திவிட்டுத் தேடுவேன். எழுதினால்தான் எனக்கு வார்த்தை வரும்.

நான் இப்போது ஸ்ட்ராட்போர்டில் ஒரு சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்கிறேன் என்று அம்மா சொல்லியிருப்பார். ஒரு சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். நாள் முழுவதும் கீழே யந்திரங்கள் சுற்றும், எங்கள் மேசைகளும் சேர்ந்து நடுங்கும். நிலையத்தை நடத்துகிற பியற்றிஸ் கிரனாடாவில் பிறந்து இங்கே வளர்ந்தவர். ஐந்து வருடத்துக்கு முன் பஸ் தரிப்பிடத்தில் கொல்லப்பட்ட கறுப்பின மாணவனின் வழக்கைப் பொலிஸ் எப்படிக் கையாண்டது என்று அரசாங்கம் ஒரு விசாரணை நடத்துவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கோடு நிற்காமல், வெள்ளையரல்லாத மக்களைப் பொலிஸ் எப்படி நடத்துகிறது என்றும் விசாரணைக் குழு கேட்கிறது. எங்களைப் போன்ற நிலையங்கள் மக்களின் வாக்குமூலங்களைச் சேர்த்து எழுத்தில் கொடுக்கலாம்.

போன கிழமை பியற்றிஸ் என் மேசைக்கு வந்து, “கறுப்பின மக்கள் வருகிறார்கள், வங்காளிகள் வருகிறார்கள். உன்னுடைய ஆட்கள் எங்கே? அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லையா, நடந்ததைச் சொல்வதில்லையா?” என்று கேட்டார். நான் தாள்களுக்குக் கிளிப் குத்திக்கொண்டிருந்தேன்.

உங்களைத்தான் நினைத்தேன். 1989இல் நடந்ததில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம். பெற்றோல் நிலையத்தில் வேலை முடிந்து வரும் வழியில் மூன்று வெள்ளைப் பொடியன்கள் உங்களை அடித்தார்கள். பொலிசைக் கூப்பிட்டது நீங்கள்தான். வந்தவர்கள் அந்த மூன்று பேரையும் போகவிட்டு, உங்களைத் தங்கள் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் நீங்கள் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தது நான். மேலுதடு கிழிந்திருந்தது. மாசிக் குளிரில் கோட்டு இல்லாமல் நின்றீர்கள். அம்மா உடனே என்னை மேலே போகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததில் பெரும்பகுதி மாடிப்படியில் இருந்து கேட்டதுதான். நீங்கள் முறைப்பாடு கொடுத்தீர்கள், ஒரு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார், முறைப்பாடு முடிந்தது, நீங்கள் டூட்டிங்குக்குப் போய்விட்டீர்கள். ஒன்பது வருடமாக அப்பாவும் நீங்களும் பேசுவதில்லை.

ஒக்டோபர் முடிவதற்குள் நாங்கள் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். உங்கள் பெயரை மறைத்தும் கொடுக்கலாம். நீங்கள் வந்து சொல்வீர்களா?

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை
சிவகௌரி


டூட்டிங்
13 செப்டம்பர் 1998

கௌரி,

உன் கடிதத்தை உன் அண்ணி இசபெல் கடைக்கே கொண்டு வந்து தந்தாள். “தங்கச்சி தபால் போட்டிருக்கிறா. கலியாணம் ஏதும் சரிவந்திட்டுதோ?” என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் அப்போது மரவள்ளிக்கிழங்குப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். வாசித்த பிறகு அந்தப் பெட்டியை எங்கே வைத்தேன் என்று தெரியாது. முதலாளி செல்வரத்தினம் அண்ணை இன்னும் தேடுகிறார்.

உன் கேள்விக்குப் பதில்: ஏலாது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அந்த விஷயம் சட்டப்படி முடிந்தது. “இணக்கமாகத் தீர்த்துக்கொண்டேன், மேற்கொண்டு விசாரணை வேண்டாம்” என்று நானே கையெழுத்து வைத்தேன். வைக்கச் சொன்னவர் அப்பா. நீ மாடிப்படியில் இருந்தபடியால் உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

நான் வேலையால் வந்தபோது இன்ஸ்பெக்டர் முன்னறையில் இருந்தார். வாசலில், அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில், அவருடைய கறுப்புச் சப்பாத்து இரண்டும் பளபளவென்று ஒழுங்காக இருந்தன. எங்கள் வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரர்களில், காஸ் மீற்றர் பார்க்க வந்தவன் உட்பட, ஒருவரும் அதுவரை சப்பாத்துக் கழற்றவில்லை. இவர் காலுறையோடு இருந்து அம்மாவின் றோல்ஸைச் சாப்பிட்டு, உறைப்பில் கண் கலங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா இன்னொன்றை வைக்கிறார். அப்பா எழும்பி “திஸ் இஸ் மை சன்” என்கிறார், ஏதோ சம்பந்தம் பேச வந்தவருக்குச் சொல்வது போல. பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்.

“வீடு தேடி வந்த மனிசனை அலைக்கழிக்கக் கூடாது தம்பி. கையெழுத்தை வை.”

வெளி ஆள் முன்னால் அப்பாவுக்கு மாட்டேன் என்று சொல்ல எங்கள் வீட்டில் எனக்கு யார் பழக்கினார்கள்? வைத்தேன். இன்ஸ்பெக்டர் கை கொடுத்தார். கையில் றோல்ஸ் எண்ணெய் இருந்தது.

ஆள் போன பிறகு அப்பாவிடம், “ரெண்டு றோல்ஸைக் குடுத்து என்னை வித்துப்போட்டியள்” என்றேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் எப்படி இருக்கிறது?

இப்போது உன் விசாரணைக்காரர் என்னிடம் என்ன கேட்பார்கள்? நீயே இணங்கினாய், பிறகு என்ன முறைப்பாடு என்றுதான் கேட்பார்கள். நான் தேத்தண்ணியையும் றோல்ஸையும் பற்றிச் சொல்லவா? அதை ஆங்கிலத்தில் எழுத உன் பட்டப்படிப்புக்கு ஏலுமோ?

உடம்பைக் கவனி. மெலிந்துவிட்டாய் என்று இசபெல் சொல்கிறாள்.

பரமேஸ்வரன்


பிளேஸ்டோ
27 செப்டம்பர் 1998

அன்புள்ள அண்ணைக்கு,

ஏலும். எழுதியும் பார்த்தேன். ஒரு குடும்பத்தில் மூத்தவர் விருந்தாளியின் முன் சொன்னதை மகன் மறுக்க முடியாது, அந்த இடத்தில் பெற்ற சம்மதத்தைச் சம்மதமாக எடுப்பது நியாயமா என்று ஒரு பந்தி. பியற்றிஸ் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சில வருடங்களுக்கு முன் பொரெஸ்ட் கேற்றில் ஒரு குஜராத்திக் குடும்பத்தின் முறைப்பாடும் இப்படித்தான் வீட்டு முன்னறையில் முடிந்ததாம். அங்கே வந்தவரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றினாராம். அதே ஆளா, வேறு ஆளா என்று தெரியாது. அது மரியாதையா, வேலை செய்யும் முறையா என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன். இரண்டுமாக இருக்க முடியாதா என்றும் யோசித்தேன்.

உங்கள் கடிதத்தில் ஒன்று எனக்கு இடறியது. நீங்கள் வரும்போது அவர் ஏற்கனவே இருந்தார் என்கிறீர்கள். அவர் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல் தேநீரைக் கொண்டுபோனது நான். அந்த நேரத்தில் என்ன கதைத்தார்கள் என்று நான் அப்பாவை ஒருபோதும் கேட்டதில்லை. போன சனிக்கிழமை கேட்டேன். தலையணை உறை மடிப்பதுபோல இருந்துகொண்டு கேட்டேன்.

“அவன் அனுப்பினவனோ உன்னை?” என்றார் அப்பா.

“இல்லையப்பா. நான்தான் கேக்கிறன்.”

“இதுக்கோ உன்னைப் படிக்க வைச்சது? ஆறின புண்ணைத் தோண்டுறதுக்கோ?”

குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “இஞ்சாருங்கோ, பிள்ளைக்குச் சொல்லுங்கோவன். இன்னும் எத்தினை வருசத்துக்கு என்ரை றோல்ஸுக்கு மேலை பழியைப் போடப்போறியள்? அதைச் சுட்ட பாவத்துக்கு நான் என்ரை மோனைப் பாக்கேலாமல் கிடக்கிறன்.”

அப்பா பேப்பரை மடித்தார். மடித்ததைத் திரும்பவும் மடித்தார்.

“தம்பி வரமுந்தியே அந்தாள் வந்திட்டுது. நீ தேத்தண்ணி கொண்டு வந்தாய். உன்னட்டை என்ன கேட்டவர், ஞாபகமிருக்கே?”

எனக்கு நன்றாக ஞாபகம். எந்தப் பள்ளிக்கூடம், என்ன பாடம் விருப்பம், பல்கலைக்கழகம் போக ஆசையா என்று கேட்டார். நான் தட்டைப் பார்த்தபடி ‘யெஸ்’ என்றேன். ஒரு வெள்ளைக்கார உத்தியோகத்தர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணை, உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு காலமும் அதை ஒரு நல்ல ஞாபகமாகத்தான் வைத்திருந்தேன்.

“நீ குசினிக்குப் போனாப் பிறகு என்னைப் பாத்துக் கேட்டவர்,” என்றார் அப்பா. “உங்களுக்கு விசா வருசா வருசம்தானே புதுப்பிக்கிறது? அடுத்தமுறை எப்ப? கெட்டிக்காரப் பிள்ளை, படிப்பு இடையிலை நிண்டால் பாவமெல்லோ எண்டு. வெருட்டேல்லைப் பிள்ளை. ஒரு சொல்லும் பிழையாச் சொல்லேல்லை. சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவர்.”

“அதை ஏனப்பா அண்ணைக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் அவன் கையெழுத்து வைச்சிருப்பானே? கழுத்தை வெட்டினாலும் வைச்சிரான். எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினால், அந்த நேரம் அங்கை சண்டையிலை என்ன நடந்துகொண்டிருந்தது எண்டு உனக்குத் தெரியுமோ? நீ ஒரு பொம்பிளைப் பிள்ளை. அப்பன் ஒரு விசரன், தேத்தண்ணி குடிச்சவனுக்கு மண்டை ஆட்டினவன் எண்டு அவன் நினைக்கட்டும் எண்டு விட்டிட்டன். பயந்தவன் எண்டு நினைக்கிறதிலும்…”

முடிக்கவில்லை. எழும்பிப் போய் பின்தோட்டத்தில் உடுப்பொன்றும் காயாத கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மனிதர் உண்மையிலேயே என் படிப்பைப் பற்றித்தான் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. வருடத்துக்கொருமுறை தபாலுக்குக் காத்திருந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி எப்படிக் கேட்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதும் தெரியாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அதற்கு ஒரு பிரிவு இருப்பதாக நான் காணவில்லை. ஆனால் விசாரணைக் குழு கேட்க வேண்டியது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

வாக்குமூலம் தாருங்கள் என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன். உங்களுக்கு எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வேண்டாமென்று அவர் சொல்லவில்லை.

கௌரி


டூட்டிங்
14 ஒக்டோபர் 1998

கௌரி,

பதில் பிந்திவிட்டது. எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்தேன். அதில் இருந்ததை நீ பார்க்காதது நல்லது.

போன ஞாயிற்றுக்கிழமை விம்பிள்டன் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிடவில்லை. அன்றைக்கு அப்பா அங்கே வருவார் என்று இசபெல் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அவளும் அம்மாவும் கலியாணம் முடிந்த நாளிலிருந்து கிழமைக்கொருதரம் தொலைபேசியில் கதைக்கிறார்களாம். நத்தார் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிற பயித்தம் பணியாரம் இசபெலின் மாமி சுட்டது என்று இவ்வளவு காலமும் நம்பித் தின்றிருக்கிறேன். இந்தக் குடும்பத்தில் ஆண்கள் மட்டும்தான் கோபமாக இருந்திருக்கிறோம்.

அப்பா அன்னதான வரிசையில் நின்றார். நான் போய்ப் பின்னால் நின்றேன். தலை முழுதும் நரைத்துவிட்டது. முன்னே இவ்வளவு கட்டையாகவா இருந்தார்?

திரும்பிப் பார்த்தார். “கடை எப்பிடிப் போகுது?”

“பரவாயில்லை.”

“முதுகு நோ எண்டு அம்மா சொன்னா.”

“இப்ப சுகம்.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சொல்லுறதெண்டால் சொல்லு தம்பி. கையெழுத்து வைக்கச் சொன்னது நான் எண்டும் சொல்லு.”

“சனம் என்ன கதைக்கும் எண்டு தெரியுமெல்லே உங்களுக்கு?”

“சனம் எல்லாம் இந்த வரிசையிலைதான் நிக்குது. வேணுமெண்டால் இப்பவே கேட்டுப் பாப்பம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சாப்பிடும்போது தன் இலையிலிருந்து ஒரு வடையை எடுத்து என் இலையில் வைத்தார். சாப்பிட்டேன்.

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். எனக்கு அவர் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தகப்பனுக்குப் பயம் என்று தெரிந்தால் தாங்கியிருப்பேன். அவர் விசரன் என்று நினைத்ததைத்தான் தாங்க முடியாமல் போனேன்.

உன் நிலையத்துக்கு வருகிறேன். நாளைச் சொல்லு. ஒரு நிபந்தனை இருக்கிறது.

கடையில் யாவாரம் பார்க்க என் ஆங்கிலம் போதும், இதற்குப் போதாது. தமிழில்தான் சொல்வேன். ஆனால் நீ மொழிபெயர்க்கக் கூடாது, அந்த அறையிலும் இருக்கக் கூடாது. விம்பிள்டனில் குருமூர்த்தி மாஸ்டர் நீதிமன்றங்களில் மொழிபெயர்க்கிறவர். அவரைக் கேள். அந்த வானுக்குள்ளே நடந்ததில் பாதியைத்தான் முறைப்பாட்டில் எழுதினேன். என்னுடைய கோட்டு எங்கே போனது என்று அம்மா இன்றைக்கும் இசபெலிடம் கேட்கிறாராம். அதற்குப் பதில் இசபெலுக்கும் தெரியாது. தங்கச்சி இருந்து கேட்கிற கதை இல்லை அது. நீ வெளியே இரு. முடிந்ததும் ஒன்றாகப் போய்ச் சாப்பிடுவோம்.

அண்ணை


பிளேஸ்டோ
18 ஒக்டோபர் 1998

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கடைசிப் பந்தியை விட்டுவிட்டு. பயித்தம் பணியார இடத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பிடிபட்டிட்டம்” என்றார்.

எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை, 23ஆம் திகதி, பின்னேரம் இரண்டு மணி. சலவைக்கடைக்குப் பக்கத்துக் கதவால் மேலே வர வேண்டும். குருமூர்த்தி மாஸ்டர் சம்மதித்துவிட்டார். கேட்டதை வெளியே சொல்லாதவர் என்று பியற்றிஸும் விசாரித்து அறிந்திருக்கிறார். பியற்றிஸ்தான் எழுதுவார். நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்தலாம். சொன்னதை வெட்டச் சொன்னால் வெட்டுவார்கள். எழுதி முடித்ததை மாஸ்டர் உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவார், நீங்கள் சரியென்றால் மட்டும் கையெழுத்து. அவசரமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோயும் யோசிக்கலாம். யாரும் உங்களுக்கு முன்னால் தாளைத் தள்ளமாட்டார்கள். அதை நான் பியற்றிஸிடம் கேட்டு உறுதி செய்தேன். ஒருவரிடம் நேரே கேட்டேன், அண்ணை, பேனாவை விழுத்தாமல்.

அப்பாவும் தன் பங்கைச் சொல்வதற்கு வருகிறார். அவருக்கு மூன்று மணி. மொழிபெயர்ப்பு வேண்டாமாம். இரண்டு நாளாக முன்னறையில் நடந்து நடந்து, “ஐ டோல்ட் மை சன் டு சைன்” என்று சொல்லிப் பார்க்கிறார். ஒருதரம் ‘டோல்ட்’ என்கிறார், ஒருதரம் ‘ஆஸ்க்ட்’ என்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு, “எது பிள்ளை சரி?” என்று கேட்டார். இரண்டும் சரியான ஆங்கிலம்தான் அப்பா, எது உண்மை என்று உங்களுக்குத்தான் தெரியும் என்றேன். அதற்குப் பிறகு ‘டோல்ட்’ மட்டும்தான் கேட்கிறது.

இதனால் பெரிதாக என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வானில் இருந்த பொலிஸ்காரர்களில் யாருக்கும் ஒன்றும் நடக்காமல் போகலாம். விசாரணைக் குழுவுக்கு எங்களுடையது ஆயிரம் தாள்களில் சில தாள்களாக இருக்கும். நான் அதை மறைத்து உங்களை வரவழைக்க விரும்பவில்லை. இருந்தாலும், ‘இணக்கமாகத் தீர்ந்தது’ என்று எங்கோ ஒரு அலுமாரியில் எழுதிக் கிடப்பதுதான் உங்களைப் பற்றிய கடைசிச் சொல்லாக இருக்கக் கூடாது.

இனி, உங்கள் நிபந்தனை. அதற்கு நான் ஒத்துக்கொண்டுதான் மாஸ்டரைக் கேட்டேன். வெளியே இருக்கச் சொன்னால் இருப்பேன். ஆனால் இந்தக் கடிதத்தைத் தொடங்கியதிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன்.

இந்த நிலையத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல, நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். தன் மகனின் உடுப்பைப் பொலிஸ் கழற்றிச் சோதித்த கதையை ஒரு தாய் சொன்னபோது தண்ணீர் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன், அடுத்த நாள் வேலைக்குப் போனேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னுடைய சொந்த அண்ணனுக்கு நடந்தது மட்டும் எனக்குத் தெரியாது. என் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று உங்கள் முறைப்பாடு நின்றது. அதையும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்காக என்று எல்லாரும் என்னை மேலே அனுப்பிவிட்டீர்கள். நன்றி சொல்லவும் முடியவில்லை, எனக்கு இது வேண்டாம் என்று கோபிக்கவும் முடியவில்லை. அப்பா உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதினீர்களே, அதை வாசித்தபோது நானும் அதையேதான் நினைத்தேன், உங்களைப் பற்றி.

மாஸ்டரே மொழிபெயர்க்கட்டும். நான் ஒன்றும் எழுதமாட்டேன், ஒன்றும் கேட்கமாட்டேன். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை என்று உங்களுக்குத் தெரியும். என் முகம் தெரியக் கூடாதென்றால் நாற்காலியை உங்களுக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு நீங்களாக எடுக்காமல் அந்தக் கதையை நான் எடுக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் சொல்லும்போது, அந்த அறையில் என்னையும் இருக்க விடுங்கள், அண்ணை.

கௌரி